பெட்டியின் அகலம்

ஏழாவது விடைத்தாளிலும் அந்தக் கூட்டல் குறி இருந்தது. ஒரு தாளில் இருந்தால் பிழை, இரண்டில் இருந்தால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதியது, ஏழில் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வது அந்த நேரத்துக்கு வசதியாகவும் இருந்தது. மதுரைக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரி ஒன்றின் பெரிய கூடத்தில், மேசைக்கு நான்கு பேராக, நாற்பது கணித ஆசிரியர்கள் குனிந்து உட்கார்ந்து முதலாண்டு மாணவர்களின் முதல் செமஸ்டர் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பொங்கல் முடிந்து நான்காம் நாள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்க, எல்லோரும் இடது முழங்கையால் தாள்கட்டை அழுத்திக்கொண்டு வலது கையால் மார்க் போட்டார்கள். ஆளுக்குக் காலையில் இருபத்தைந்து தாள் கொண்ட ஒரு கட்டு. ஒரு மணிக்குள் முடித்து மேசையின் தலைமாட்டில் இருக்கும் சீஃபிடம், அதாவது தலைமைத் தேர்வாளரிடம், கொடுக்க வேண்டும். தாளில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, டம்மி நம்பர் மட்டும். சொந்தக் கல்லூரித் தாள் யாருக்கும் வராது, அது விதி. இருபது வருடமாக அந்த விதி அவளுக்கு நிம்மதியாக இருந்தது: கையில் இருப்பவர்கள் யாரோ, யாரோ பெற்ற பிள்ளைகள், யாரோ நடத்திய பாடம். இந்தப் பன்னிரண்டாம் கேள்வியும் ஒன்றும் புதிதல்ல. மூடியில்லாத ஒரு பெட்டி. உள்ளே முப்பத்திரண்டு கன அடி கொள்ள வேண்டும். மிகக் குறைந்த தகட்டில் செய்ய வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் என்ன? நான்கு, நான்கு, இரண்டு. நீளத்தை எக்ஸ் என்றும் அகலத்தை ஒய் என்றும் வைத்துத் தகட்டின் பரப்பை எழுத வேண்டும். பிறகு வகையிட்டு, அதாவது நீளத்தைத் துளி கூட்டினால் தகடு எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று பார்த்து, கூடாமலும் குறையாமலும் நிற்கிற இடத்தைப் பிடிக்க வேண்டும். வகையிட்டால் வருவது ஒய், கழித்தல், அறுபத்துநான்கின் கீழ் எக்ஸ் வர்க்கம். ஏழு தாளிலும் கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல். அடுத்த வரியில், ஒன்றுமே நடக்காதது போல, ஒய் சமம் அறுபத்துநான்கின் கீழ் எக்ஸ் வர்க்கம். கூட்டல் குறியிலிருந்து அந்த வரிக்கு வர வழியில்லை. வந்தால் மைனஸோடுதான் வர வேண்டும். ஏழு பேரும் படி இல்லாத இடத்தில் கால் வைத்து, விழாமல் நடந்து போயிருந்தார்கள். கடைசியில் விடைக்குக் கீழே இரண்டு கோடு. கோடுகளுக்குக் கீழே நட்டநடுவில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது அவளுடையது. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ தானாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். கணக்கு முடிந்தது, இனிக் கை வைக்காதே என்று தனக்கே சொல்லிக்கொள்கிற புள்ளி. வேறு யாரும் வைக்க மாட்டார்களா? வைக்கலாம். எத்தனை கோடிக் கைகள், எத்தனை கோடிப் பேனாக்கள். ஆனால் அந்தக் கூட்டலும் இந்தப் புள்ளியும் சேர்ந்து, முகம் தெரியாத ஊர்களிலிருந்து ஒரே கட்டில் வந்து உட்காருமா? ஆறு வருடத்துக்கு முன்னால் துறைத்தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், ஃபர்ஸ்ட் செமஸ்டர் பாஸ் பர்சன்டேஜ் நாப்பத்தொண்ணு. மேனேஜ்மென்ட் என் கழுத்தப் பிடிக்குது. உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. முக்கியமான அம்பது கணக்கு, படி விடாம எழுதிக் குடுங்க. பசங்க யோசிக்கவே வேண்டாம், பார்த்து மனப்பாடம் பண்ணாப் போதும்" என்றார். யோசிக்கவே வேண்டாம் என்ற சொல் அப்போது அவளை உறுத்தியதா? உறுத்தியது என்று இப்போது நினைத்துக்கொள்ளலாம். அன்று அவளுக்குத் தோன்றியது, நீலக் கோடு போட்ட தாள் வாங்க வேண்டும் என்பதுதான். பதினோரு நாள் எழுதினாள். மறுவருடம் எண்பத்துமூன்று சதவீதம். கல்லூரி நாள் விழாவில் கேடயம். நோட்ஸ் ஜெராக்ஸ் கடைக்குப் போனது, அங்கிருந்து பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு, பிறகு யாரோ போட்டோ எடுத்துப் போனுக்குப் போன், மாவட்டத்துக்கு மாவட்டம். அவள் பெயர் அதில் எங்கும் இல்லை. கோயம்புத்தூரில் படிக்கும் அண்ணன் மகன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது, "அத்தை, இதப் பாருங்க, யாரு எழுதுனதுன்னு தெரியல, ஆனா தெய்வம்" என்று தன் போனைக் காட்டினான். அவள் எழுதியதுதான். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் ஒரு இனிப்பு இருந்தது, இரண்டு நாள் நாக்கிலேயே இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை இணைப் பேராசிரியர் பதவிக்கான குழு அவளை அழைத்திருக்கிறது. தயார் செய்து வைத்திருக்கும் கோப்பில் முதல் பக்கமே அந்த ஐம்பது கணக்குதான். நாற்பத்தொன்று, எண்பத்துமூன்று என்று இரண்டு எண்களும் தடித்த எழுத்தில். எட்டாவது தாளைத் திறந்தாள். ஒய், கூட்டல். ஒரு மதிப்பெண் குறைத்துப் பதினைந்து போட்டாள். ஜெராக்ஸ் மிஷின் செய்த வேலையாக இருக்கலாம், கண்ணாடியில் தூசி ஒட்டிக் கழித்தல் குறிக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கலாம் என்று நினைத்தாள். தூசி. நேர் செங்குத்தாக, மேலும் கீழும் சம நீளத்தில் விழுகிற தூசி.

"மேடம், உங்க கட்டுலயும் இந்த ப்ளஸ் வருதா?" என்றான் பக்கத்து நாற்காலியிலிருந்த யூனுஸ். இளையான்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை, முப்பது வயதிருக்கும், நான்கு நிமிடத்துக்கு ஒரு தாள் என்ற கணக்கில் ஓட்டுகிறவன். "வருது" என்றாள். "என்னோடதுல பதினாலு பேரு! எல்லாப் பயலும் ஒரே நோட்ஸ முழுங்கியிருக்கான். எந்த மகராசன் எழுதுனதோ, மேல ப்ளஸ்ஸப் போட்டான், கீழ வந்ததும் அது தானாச் சரியாயிருச்சு. ஜீபூம்பா." எதிரே இருந்த இருவரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள். தன் வாய் சிரிக்கிறது என்பது சிரிப்பின் பாதியில்தான் அவளுக்குத் தெரிந்தது. மகராசன் என்கிறான், மகராசி என்று தோன்றவில்லை பார், என்று ஓர் அல்ப நிம்மதி வேறு. டீக்கார அம்மா கெட்டிலோடு வந்தாள். காகிதக் கோப்பை விரலைச் சுட்டது. "பசங்களச் சொல்லிக் குத்தமில்ல மேடம்" என்றான் யூனுஸ், ஊதிக் குடித்தபடி. "பின்னத்தக் கூட்டத் தெரியாம வர்றான். அவன்கிட்டப் போயி லிமிட், டெரிவேட்டிவ்னு பேசுனா? நான் முதல் நாளே சொல்லிருவேன், தம்பி, இது கணக்குன்னு நெனைக்காத, செய்யுள்னு நெனச்சுக்க." மறுபடி சிரிப்பு. போன வருடம் அவள் கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள், கால்குலஸ் கற்பது பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. ஆசிரியர்கள் ஒருவர் விடாமல் 'மாணவர்களின் அடிப்படை பலவீனம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள்; அவளும் போட்டாள், பேனாவை அழுத்தி. மாணவர்கள் பெரும்பாலும் 'எளிது' என்று போட்டிருந்தார்கள். எளிதாம்! கடைசியில் சொந்தக் கருத்துக்கு விட்டிருந்த இடத்தில் ஒரு பையன், 'கால்குலஸ் என்பது மொத்தம் ஐம்பது கணக்கு, முப்பது பார்த்தால் போதும்' என்று எழுதியிருந்தான். அதை ஆசிரியர் அறையில் உரக்க வாசித்துக் காட்டியது அவள்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஐம்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அன்று அவளுக்கு ஏன் உறைக்கவில்லை? டீயில் சர்க்கரை அதிகம். கோப்பையைக் கீழே வைத்துப் பேனாவை எடுத்தாள். ஒன்பது. பத்து. பதினொன்றில் அந்தக் கேள்வியையே தொடவில்லை. அந்தத் தாளின் மேல் அவளுக்குத் திடீரென்று ஒரு பிரியம் வந்தது. பன்னிரண்டில் கூட்டல், பதிமூன்றில் கூட்டல், புள்ளி, இரண்டு கோடு, புள்ளி.

பதினெட்டாவது தாளின் டம்மி நம்பர் அறுநூற்றுப் பதினெட்டில் முடிந்தது. கொஞ்சம் சாய்ந்த, உருண்டையான எழுத்து. மற்றக் கேள்விகளைத் திருத்தி முடித்தபோது நாற்பத்துநான்கு மதிப்பெண் சேர்ந்திருந்தது. ஐம்பது வந்தால் பாஸ். பன்னிரண்டாம் கேள்விக்கு வந்தாள். தகட்டின் பரப்பை எழுதியது சரி, நான்கு மதிப்பெண். வகையிட்டது: ஒய், கூட்டல். வந்துவிட்டாயா நீயும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கண்ணை அடுத்த வரிக்கு இறக்கினாள். அடுத்த வரியில் ஒய் சமம் மைனஸ். மைனஸ் அறுபத்துநான்கின் கீழ் எக்ஸ் வர்க்கம். கூட்டல் குறியை எழுதியவள் அந்தக் கூட்டலுக்கு உண்மையாக இருந்து, அது போகச் சொன்ன இடத்துக்கே போயிருந்தாள். நீளம் மைனஸ் நான்கு. அகலம் மைனஸ் நான்கு. உயரம் இரண்டு. பிறகு வகையிட்டதிலிருந்து அதுவரை எழுதியது முழுவதும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது, ஆத்திரமாக அல்ல, ஸ்கேல் வைத்து ஒரே கோடாக. அடித்ததற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியின் படம். படத்துக்குப் பக்கத்தில், ஆங்கிலத் தாளின் நடுவில், தமிழில் இரண்டு வரி: 'பெருக்கினால் 32 வருகிறது. ஆனால் அகலம் மைனஸ் 4 என்றால் பெட்டி எங்கே? நான் எங்கே தப்பு செய்தேன்?' அதற்குக் கீழே ஒரு பட்டியல். அடிப்பக்கம் இரண்டுக்கு இரண்டு என்றால் தகடு அறுபத்தெட்டு. மூன்றுக்கு மூன்று என்றால் ஐம்பத்தொன்றரைக்கு மேல். நான்குக்கு நான்கு நாற்பத்தெட்டு. ஐந்துக்கு ஐந்து ஐம்பதரைக்கு மேல். எட்டுக்கு எட்டு எண்பது. பட்டியலுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி, 'நான்குக்கு இரண்டு பக்கமும் கூடுகிறது, எனவே நான்கு' என்ற பொருளில் ஒரு வரி. அதோடு நேரம் முடிந்திருக்க வேண்டும். கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. கோடு இல்லை. புள்ளி இல்லை. செண்பகவல்லி அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படித்தாள், மூன்றாம் முறை படித்தாள். நான்குக்கு இரண்டு பக்கமும் கூடுகிறது. கல்லூரிப் பேருந்து தினமும் ஒரு தரைப்பாலத்தைக் கடக்கும். இறங்கும்போது உடம்பு முன்னால் சரியும், ஏறும்போது பின்னால் சாயும், நடுவில் ஒரு கணம் இரண்டும் இல்லாமல் நேராக இருக்கும். அந்தக் கணம்தான் பள்ளத்தின் அடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத்தான் வகுப்பில் சொல்வாள். முன் வரிசைப் பையன்கள் கண்ணை மூடிச் சாய்ந்து காட்டுவார்கள். எந்த வருடத்தோடு அதை நிறுத்தினாள்? இந்தப் பெண்ணுக்கு யாரும் தரைப்பாலத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். தேர்வறையில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தானே இறங்கித் தானே ஏறி அடியைத் தொட்டிருக்கிறாள். பெண்தானா? பெயர் இல்லாத தாளில் அதை யார் சொன்னது? அடுத்த வரியையும் நோட்ஸில் இருந்தபடியே எழுதியிருந்தால் பதினைந்து வாங்கி ஐம்பத்தொன்பதோடு போயிருப்பாள். நம்பியிருந்தால் பாஸ். யோசித்ததால்.

யோசித்ததால் என்ற சொல்லில் மனம் மாட்டிக்கொண்டு நின்றது, முந்தானை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியது போல. வகுப்பில் உயர்ந்த ஒரு கை. அவள் மறக்கவில்லை, அங்கே போகாமல் இருந்தாள், அவ்வளவுதான். பி செக்‌ஷன், கடைசிக்கு முந்தின பெஞ்ச், இசக்கியம்மாள். நோட்ஸ் கொடுத்து இரண்டாவது வாரம். வகுப்பு முடியப் பத்து நிமிடம், பெட்டிக் கணக்கைச் செண்பகவல்லி நோட்ஸிலிருந்து பலகையில் எழுதி முடித்திருந்தாள். அந்த அலகை அன்று முடித்தாக வேண்டும். தாழ்வாரத்தில் முதல்வர் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார், அவருடைய ஷூ சத்தம் பக்கத்து வகுப்பு வரை வந்துவிட்டது. கை உயர்ந்தது. "மேடம், அந்த ப்ளஸ்ஸு..." "ஆன்சர் கரெக்டா வருதா இல்லையா?" "வருது மேடம்." "அப்புறம் என்ன? உட்காரு." வகுப்பு சிரித்தது. பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை, ஒரு வகுப்பு சிரிக்கிற அளவு சிரிப்பு. இசக்கியம்மாள் உட்கார்ந்தாள். அவள் ஃபெயிலாகவில்லை, படிப்பை விட்டுப் போகவில்லை, அழவும் இல்லை. நல்ல மார்க் வாங்கினாள், இப்போது சென்னையில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள். நான்கு வருடத்தில் இன்னொரு முறை கை தூக்கவில்லை. அது ஒன்றுதான் நடந்தது. நான் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் திருத்தியிருப்பேன், என்று செண்பகவல்லி இப்போது தனக்குச் சொன்னாள். ஷூ சத்தம் வந்தது, அவசரம், திரும்பவில்லை. அப்படியானால் பலகையின் நடுவில் இருந்த அந்தக் குறி இத்தனை தெளிவாக ஏன் நினைவில் இருக்கிறது? சாக்பீஸ் முனை உடைந்து, கூட்டலின் கிடைக்கோடு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும். திரும்பினாள். திரும்பிப் பார்த்தாள். மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு படியில் கால் விழுந்தது போல இருந்தது. அறுபது பேர் கையில் அறுபது ஜெராக்ஸ். அதிலும் இதே கூட்டல். இப்போது அழித்தால் அறுபது தலையும் நோட்ஸுக்குள் குனியும், வேறு எங்கெல்லாம் தப்பு என்று தேடும், கதவருகே முதல்வர் நிற்பார். அடுத்த வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். டஸ்டரை எடுத்து, கூட்டலை மட்டும் அல்ல, பலகை முழுவதையும் அழித்தாள். அடுத்த வகுப்பில் வேறு அலகு. தூசி இல்லை, மிஷின் இல்லை, அவசரம்கூட இல்லை. பார்த்தாள். ஆறு வருடம் அந்தக் கூட்டல் ஊர் ஊராகப் போய், இன்று மதுரைக்கு வெளியே, அவள் முழங்கைக்கு அடியில் வந்து கிடக்கிறது. இரண்டு பேர்தான் அதைப் பிடித்திருக்கிறார்கள். ஒருத்தியை உட்காரச் சொன்னாள். இன்னொருத்தி நாற்பத்துநான்கில் நிற்கிறாள்.

மணி பன்னிரண்டு பத்து. செண்பகவல்லி விடைக்குறிப்பை எடுத்து நிதானமாகப் படித்தாள். பரப்பை அமைக்க நான்கு. வகையிட்டுச் சமன்பாடு எழுத ஆறு. நீள அகலத்தைக் காண நான்கு. அது உண்மையிலேயே மிகக் குறைந்ததுதானா என்று சோதிக்க இரண்டு. அடித்த பகுதியைத் திருத்தக் கூடாது. அப்படியானால் ஆறும் போயிற்று, நான்கும் போயிற்று. ஆனால் சோதிக்க இரண்டு. இரண்டு பக்கமும் கூடுகிறது என்று எண் போட்டுக் காட்டியிருக்கிறாளே, அது சோதனை இல்லாமல் வேறென்ன? முழு நிரூபணமா என்று கேட்டால் இல்லை. ஆனால் சோதனை. அடிக்காமல் விட்ட பரப்புக்கு நான்கு, சோதனைக்கு இரண்டு, மொத்தம் ஆறு. நாற்பத்துநான்கும் ஆறும் ஐம்பது. அவளுக்கு மூச்சு இறங்கியது. யாருக்கும் சலுகை இல்லை, பொய் இல்லை. ஆறு போட்டுத் தாளைக் கட்டின் நடுவில் செருகிவிடலாம். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வாங்கிய தாள்களைத்தான் சீஃபிடம் காட்ட வேண்டும். ஐம்பதைத் தொட்டால் காட்ட வேண்டியதில்லை. ஒருவரும் பார்க்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே வரும். பேனாவை எடுத்தாள். "அய்யய்யோ, மேடம், அது என்ன தமிழ்ல?" என்றான் யூனுஸ். டீக்கோப்பையைக் கூடையில் போட எழுந்தவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "நான் எங்கே தப்பு செய்தேனாம்ல? யாரக் கேக்குது இந்தப் புள்ள? நம்மளத்தான? மால்பிராக்டீஸ் மேடம் இது." அவள் தாளின் மேல் கை வைத்தாள். "அப்படி ஒண்ணும் இல்ல. சும்மா எழுதியிருக்கு." "சும்மாவெல்லாம் எழுத முடியுமா? போன தடவ ஒருத்தன் 'ஐயா, காப்பாத்துங்க'ன்னு எழுதியிருந்தான். ஒரு வருஷம் ரிசல்ட்ட நிறுத்திட்டாங்க. நீங்க கண்டுக்காம விட்டு, நாளைக்கு மறுமதிப்பீட்டுல வந்துச்சுன்னு வைங்க, உங்க தலைதான் உருளும்." அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே அவளுக்காகப் பயந்தான், அதுதான் கஷ்டம். குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. எதிரே இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேசையின் தலைமாட்டில் சீஃப் இம்மானுவேல் சார் மூக்குக்கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாக இந்தப் பக்கம் பார்த்தார். "என்னம்மா அங்க?" செண்பகவல்லியின் கை தாளின் மேல் இருந்தது, உள்ளங்கை வியர்த்தது, வியர்வை மை மேல் பட்டு எழுத்து கலங்கிவிடுமோ என்று ஓர் எண்ணம் ஓடியது, கலங்கட்டுமே என்று அதன் பின்னாலேயே இன்னொன்று ஓடியது, கலங்கினால் கேள்வியே இல்லை, ஒரு துளி டீ போதும். சீ என்று கையை எடுத்தாள். ரிப்போர்ட் எழுதலாம், விதிப்படி அதுதான், அந்தப் பெண் ஒரு வருடம் ஏதோ ஓர் அலுவலக வாசலில் நின்று, நான் யாரையும் கேட்கவில்லை, என்னையேதான் கேட்டுக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். எழுந்தாள். நாற்காலி தரையில் இழுபட்ட சத்தம் கூடம் முழுவதும் கேட்டது போல இருந்தது. சீஃபின் நாற்காலிக்கு ஆறு காலடி தூரம். தரைப்பாலத்தில் இறங்குவது போல உடம்பு முன்னால் சரிந்தது.

இம்மானுவேல் சார் தாளை வாங்கி, படித்து, பட்டியலின் எண்களைத் தன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். அவர் எதையும் அவசரமாகச் செய்கிறவர் அல்ல. வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். "இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார். "மார்க் ஆறு போடலாம். அதில்ல பிரச்சினை. இந்த ரெண்டு வரி. யாருக்கும்மா எழுதினது? திருத்துறவங்களுக்கு எழுதினா நான் மேல அனுப்பியே ஆகணும்." "திருத்துறவங்களுக்கு எழுதினது இல்ல சார்." "பின்ன யாருக்கு?" கூட்டல் என்று ஆரம்பிப்பதா, நோட்ஸ் என்று ஆரம்பிப்பதா, ஆறு வருடத்துக்கு முன்னால் என்று ஆரம்பிப்பதா. எந்தப் படியில் கால் வைத்தாலும் அதற்கு முன்னால் இன்னொரு படி இருந்தது. "அந்த நோட்ஸ் எழுதினவளுக்கு சார். பதினாலு பேப்பர், பதினாறு பேப்பர்னு வருதே அந்த ப்ளஸ், அது அந்த நோட்ஸ்ல இருக்கு. இந்தப் பொண்ணு அதத்தான் கேக்குது. தப்பு எங்கேன்னு." "அது சரிம்மா. அந்த நோட்ஸ் எழுதினவங்க எங்க இருக்காங்களோ, யாரு கண்டா?" "உங்க முன்னாடி நிக்கறேன் சார்." யூனுஸின் பேனா நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாளில் கீறும் சத்தம் நின்றதிலிருந்து தெரிந்தது. சீஃப் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார். "எழுத்துல குடுப்பீங்களா? நான் முகாம் அதிகாரிக்குச் சேர்த்து அனுப்பணும். உங்க காலேஜுக்கும் ஒரு காப்பி போகும்." "குடுக்கறேன்." "வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஏதோ கமிட்டின்னு கேள்விப்பட்டேன்." "ஆமா சார்." அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் சிவப்புப் பேனாவோடு குனிந்தாள். "மேடம்" என்று பின்னாலிருந்து யூனுஸின் குரல், இந்த முறை சின்னதாக. "சிவப்புல வேண்டாம்." தன் நீலப் பேனாவை மூடி கழற்றி நீட்டினான். எழுதினாள். நோட்ஸ் தன்னுடையது. பெட்டிக் கணக்கின் மூன்றாம் வரியில் கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் இருப்பது தன் பிழை. இந்த மாணவர் கேட்டிருக்கும் கேள்வி அந்தப் பிழையைப் பற்றியது. பேனா நின்றது. இத்தோடு முடித்துவிடலாம், இதுவே போதும். இன்னொரு வரி எழுதினாள்: ஆறு ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவி இதைச் சுட்டிக்காட்டினாள், நான் பார்த்தும் திருத்தவில்லை. இம்மானுவேல் சார் படித்துவிட்டு, கடைசி வரியின் மேல் விரலை வைத்தார். "இது தேவையில்லம்மா. இது இல்லாமலே விஷயம் முடிஞ்சிரும்." "ஆன்சர் வந்துரும் சார், நடுவுல படி இருக்காது" என்றாள் செண்பகவல்லி. "அந்த வரி இருக்கட்டும்." அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு விரலை எடுத்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, அறுநூற்றுப் பதினெட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "ஒரு மணிக்குக் கட்டு வந்துரணும்."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். யூனுஸ் அவளைப் பார்க்காமல் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்; அவன் காது மட்டும் சிவந்திருந்தது. அடுத்த மாதம் என்ன ஆகும், கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களா, கோப்பின் முதல் பக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும், அண்ணன் மகனிடம் யார் சொல்வது. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நிற்கட்டும் என்று விட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். நான் எங்கே தப்பு செய்தேன்? நீ செய்யவில்லை என்று எழுத வேண்டும் போலிருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், பேனா முனை தாளைத் தொடும் அளவுக்குக் கை போய்விட்டது. திருத்துகிறவர்கள் தாளில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது, எண் மட்டும்தான். ஆகவே ஆறு போட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுவது போல, மேலிருந்து வளைத்து இறக்கி, வட்டத்தை முழுதாக மூடி, யார் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வேறெதுவாகவும் படிக்க முடியாத ஓர் ஆறு. முகப்பில் கூட்டுத்தொகைக் கட்டத்தில் ஐம்பது. அதற்குக் கீழே பழக்கத்தில் கை இரண்டு கோடு இழுத்தது. பேனா புள்ளிக்காக இறங்கியது. அங்கேயே, தாளுக்கு ஒரு நூல் மேலே, நிறுத்திக்கொண்டாள். பிறகு பத்தொன்பதாவது தாளை எடுத்துப் பிரித்தாள்.